இறங்கு விலையில் ஒரு மிரட்டல்

எங்கள் துப்பறியும் நிறுவனம் என் அண்ணனுடைய மெத்தைக் கடையின் பின்னறையில் நடக்கிறது. வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது, விற்காத மெத்தைகள் உண்டு. போன மாதம் கூட்டாளி மேல் சந்தேகத்தோடு வந்த ஒருவர், அண்ணி சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அவற்றில் ஒன்றில் படுத்துத் தூங்கிப்போனார். எழுந்தபோது சந்தேகம் தீர்ந்திருந்தது. ஒரு தலையணை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

துப்பறிவது அண்ணி. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். தன் கடைக்குத் தானே தீ வைத்தவன் எப்படி அழுவான், நிஜமாகவே கடை எரிந்தவன் எப்படி அழுவான் என்று அழுகையைத் தரம் பிரிக்கத் தெரிந்தவர். நான் அவருடைய கொழுந்தன், உதவியாளன். இதற்கு முன் நான் உருப்படாமல் விட்ட வேலைகளின் பட்டியலைக் கேட்டால் அண்ணி தருவார். கேட்காவிட்டாலும் தருவார்.

அந்தத் திங்கட்கிழமை காலை பல் டாக்டர் வந்தார். நாற்பத்தாறு வயது, ஒட்ட வெட்டிய தலை, கையில் ஒரு பயணப்பை. மெத்தையின் விளிம்பில் பாதி உட்கார்ந்து பாதி நின்றார். எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருப்பவர் உட்காருகிற விதம் அது. சட்டைப்பையிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். மூன்றும் கணினியில் அடித்து அச்செடுத்தவை, கிளினிக் கதவுக்கு அடியில் தள்ளப்பட்டவை.

முதல் கடிதம் பன்னிரண்டு நாளுக்கு முன்பு வந்தது. “உன் பழைய கதை எனக்குத் தெரியும். இந்தக் கல்யாணத்தை நிறுத்து. இல்லாவிட்டால் பெண்ணின் அண்ணனுக்கு எல்லாம் தெரியவரும்.” நான்கு நாள் கழித்து இரண்டாவது: “கல்யாணத்தை ஆறு மாதம் தள்ளிப்போடு.” முந்தாநாள் மூன்றாவது: “கல்யாணம் செய்துகொள். ஆனால் உன் வழக்கங்கள் எதையும் மாற்றாதே.”

மிரட்டல் இப்படித் தேய்ந்துகொண்டே போனால் நாலாவது கடிதத்தில் ஆயிரங்காலத்துப் பயிர் என்று வாழ்த்தே வந்துவிடும் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை. மூன்றாவதுதான் அவரை அதிகமாகக் கலக்கியிருந்தது. எந்த வழக்கம், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யோசித்து யோசித்து, பல் தேய்க்கும்போதுகூடத் திரும்பிப் பார்க்கிறாராம்.

பழைய கதையை அவரே சொன்னார். பதினெட்டு வருடத்துக்கு முன்னால், இங்கே வருவதற்கு முன், தொலைவான ஒரு ஊரில் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மண்டபம் நிறைய ஆட்கள் வந்து, சமையலும் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை முகம் கழுவப் போயிருக்கிறார். கண்ணாடியைப் பார்த்ததும் என்னவோ ஆகி, குளியலறை ஜன்னல் வழியாக இறங்கி, போட்டிருந்த மாப்பிள்ளை உடுப்போடு பேருந்து ஏறிவிட்டார். அந்தப் பெண் அடுத்த வருடமே இவரைவிட நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறார். மொத்தத்தில் நஷ்டம் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

இப்போது பதினோரு நாளில் மறுபடி கல்யாணம். பெண் மாட்டு டாக்டர். இவர் மனிதர்களின் பல்லைப் பிடுங்குகிறார், அந்த அம்மா மாட்டின் பல்லைப் பிடித்து வயது சொல்கிறார். பொருத்தத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் பெண்ணின் அண்ணன் கண்டிப்பான மனிதர். விஷயம் அவர் காதுக்குப் போனால் கல்யாணம் நின்றதென்று அர்த்தம் என்றார் டாக்டர்.

பழைய கதையை இந்த ஊரில் அவர் யாரிடமும் சொன்னதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. புதன்கிழமை கிளினிக்குக்கு விடுமுறை. பதினோரு வருடமாக ஒவ்வொரு புதனும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை, ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் நான்கு நண்பர்கள் போக்கர் ஆடுகிறார்கள். காசு கிடையாது. முதலில் தோற்கிறவர் டீ போட்டு, கப் கழுவி, அறையைப் பெருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், வாய் சும்மா இருக்காமல், மற்ற மூன்று பேரிடமும் இவர் கதையைச் சொல்லிவிட்டார். ஆக, எழுதியவர் அந்த மூவரில் ஒருவர்.

அண்ணி பயணப்பையைப் பார்த்தார். எங்கே பயணம் என்று கேட்டார். வியாழக்கிழமை இரவு பேருந்துக்குச் சீட்டு எடுத்திருப்பதாக டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“இந்தத் தடவையாவது வாசல் வழியா போறீங்களே, சந்தோஷம்” என்றார் அண்ணி. பிறகு பையை வாங்கி மெத்தைகளுக்கு நடுவே செருகிவிட்டு, வழக்கு முடிகிறவரை அது இங்கேயே இருக்கட்டும் என்றார்.

அடுத்து அவர் கேட்டது எனக்கே புதிதாக இருந்தது. அந்த மூன்று பேரும் எங்கே இருந்தார்கள், யாருக்கு என்ன விரோதம் என்றெல்லாம் கேட்கவில்லை. எப்படிச் சீட்டு ஆடுவார்கள் என்று கேட்டார்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குப் பட்டப்பெயர் சரவெடி. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பந்தயத்தை ஏற்றிவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பூட்டு என்று பெயர். ஒரு மணி நேரத்தில் ஒரு ஆட்டம் ஆடினால் அதிகம். அவர் பந்தயம் வைத்தால் மற்றவர்கள் செருப்பைத் தேடுவார்கள். ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் எட்டிப்பார். தானாக எதையும் ஏற்ற மாட்டார், ஆட்டத்தை விட்டு விலகவும் மாட்டார். எதிராளி கையில் இருப்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்பதற்காகவே கடைசிவரை ஈடு கட்டிக்கொண்டு வருவார். உத்தியோகம் விட்டாலும் டிக்கெட் கேட்கிற பழக்கம் விடவில்லை. டாக்டர் எப்படி என்று கேட்டேன். யாராவது குரலை உயர்த்தினால் சீட்டைக் கீழே போட்டுவிடுவாராம். அதைத்தான் அந்த ஊரே ஜன்னலில் பார்த்ததே என்று சொல்ல வந்தேன். அண்ணி முறைத்ததால் விழுங்கிக்கொண்டேன்.

டாக்டர் போனதும், கடிதத்தில் கைரேகை எடுக்கலாமே என்றேன். கைரேகை பார்க்க நான் என்ன ஜோசியக்காரியா என்று கேட்டுவிட்டு, மூன்று கடிதங்களையும் மெத்தைமேல் வரிசையாகப் பரப்பினார்.

“கடுதாசியும் ஒரு பந்தயம்தான் தம்பி. கையில சீட்டு வச்சுக்கிட்டு வைக்கிறானா, உதார் விடுறானா, அதுதான் கேள்வி. சீட்டாட்டத்துல ஒரு ஆளு எப்படி உதார் விடுவானோ, வெளியிலயும் அப்படித்தான் விடுவான். நடையை மாத்தலாம், உதாரை மாத்த முடியாது.”

புதன்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் அந்த மாடியில் இருந்தோம். டாக்டருக்கு அவசரமாக ஒரு கடைவாய்ப்பல் வந்துவிட்டது, இடத்தை நிரப்பத் தன் சித்தி மகளையும் அவருடைய கொழுந்தனையும் அனுப்பியிருக்கிறார் என்று ஏற்பாடு. சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள். எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு நேர் எதிரே ‘வழுக்கும் பாதை’. மேஜைமேல் பச்சைத் துணி, அதில் டீக்கறையில் ஐந்து வட்டங்கள். சரவெடி பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. எட்டிப்பார் ஒல்லியான ஆள், கழுத்து மட்டும் தேவைக்கு மேல் நீளம். பூட்டு மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். எனக்கு வணக்கம் சொன்னதோடு அவருடைய அன்றைய பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறப்பார்கள்: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. கடைசியில் யாருடைய சீட்டுகள் நன்றாகச் சேருகின்றனவோ அவர் ஜெயித்தார்; ஒரு ஜோடிகூடச் சேராதது குப்பை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிளாஸ்டிக் வில்லைகளைப் பந்தயமாக வைக்கலாம். மற்றவர்கள் அதற்கு ஈடு வைக்கவேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கவேண்டும். எல்லாரும் ஒதுங்கிவிட்டால், கையில் குப்பை இருந்தாலும் ஜெயித்தது நீங்கள்தான். உலகத்தில் நடக்கிற அயோக்கியத்தனத்தில் பாதி இந்தக் கடைசி விதிக்குள் அடங்கும்.

ஆளுக்கு நாற்பது வில்லை. சரவெடி முதல் ஆட்டத்திலேயே ஏற்றினார், இரண்டாவதிலும் ஏற்றினார், மூன்றாவதில் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே ஏற்றினார். ஊரோடு ஒத்து வாழ் என்று படித்தவன் நான். அவரைவிட அதிகமாக ஏற்றினேன். மூன்று நாற்பதுக்கு என் கடைசி வில்லையும் போய், மூலையில் இருந்த அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணி அதுவரை ஒரு வில்லைகூட உருப்படியாக வைக்கவில்லை. வருகிற சீட்டையெல்லாம் கீழே போட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். டீ கொடுக்கிற சாக்கில் குனிந்து, ஆட வந்தீர்களா தவம் பண்ண வந்தீர்களா என்று கேட்டேன்.

“எல்லாரும் கத்துற இடத்துல நாமளும் கத்தினா தொண்டைதான் போகும்” என்றார் தாழ்ந்த குரலில். “நல்ல சீட்டு வர்ற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். வந்தா, அப்பவும் மூடிக்கிட்டு இருக்கணும். அவங்களே கொண்டுவந்து கொட்டுவாங்க.”

நான்கு மணிக்குச் சற்று முன்னால், சீட்டிலேயே பெரியதான ஏஸ் அவருக்கு இரண்டு வந்தது. மேஜையில் இருந்த எவருக்கும் அது தெரியவில்லை. சரவெடி மூன்று வைத்தார், அண்ணி யோசிப்பதுபோல் யோசித்து ஈடு வைத்தார். அடுத்த சீட்டுக்குச் சரவெடி ஆறு, கடைசிச் சீட்டுக்குப் பன்னிரண்டு. வண்டியை ஒன்றாம் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று மாற்றுவதுபோல் ஒரே சீராக ஏறியது. திறந்து பார்த்தால் அவர் கையில் ஒன்றுமில்லை. அண்ணி அள்ளிக்கொண்டார். சரவெடி தொடையைத் தட்டிச் சிரித்தார். உதார் பிடிபட்டதில் அவருக்குத் துளியும் வெட்கமில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி மூன்று வைத்தார்.

விசாரணையும் அதே முறையில்தான் நடந்தது. அண்ணி கேள்வியே கேட்கவில்லை. டாக்டர் மாதிரி அமைதியான ஆளைப் பார்க்க முடியாது என்று ஒரு வரி போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். சரவெடிக்கு மௌனம் என்றால் திறந்து கிடக்கிற பள்ளம் மாதிரி, பார்த்தால் மூடாமல் இருக்க மாட்டார். அமைதியா, அவர் பண்ணின காரியம் தெரியுமா என்று ஆரம்பித்து, மண்டபம், ஜன்னல், பேருந்து எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொல்லி முடித்தார். அண்ணி “அப்படியா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மீதியையும் கொடுத்தார். புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் முதல் மேட்டில் பயந்து பிரேக்கை மிதித்துக்கொண்டு விறைத்துவிடுவார்களாம். அப்போது இந்தக் கதையைச் சொல்வாராம். சிரித்துவிட்டால் கால் தானாகத் தளரும். மாதம் இருபது பேர், ஐந்து வருடம்.

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து இருநூறு பேர். டாக்டருடைய ரகசியம் எல் போர்டு மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது.

எட்டிப்பார் சிரித்துவிட்டு, தன் மருமகன்கூட இந்தக் கதையைக் கேட்டுத்தான் மேடு ஏறினான் என்றார். பூட்டு சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது முன்பே சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாலரை மணிக்கு மாலை வகுப்புக்காகச் சரவெடி கீழே இறங்கினார். அவர் போனதும் அறை, ஸ்பீக்கரை நிறுத்திய கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அண்ணி நாற்காலியை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து அவர் வேறு ஆள். ஏஸ் வந்தால்தான் கையை நீட்டுவேன் என்று இருந்தவர், ஆட்டத்துக்கு ஆட்டம் ஏற்ற ஆரம்பித்தார்.

எட்டிப்பாரை மட்டும் வேறு மாதிரி கையாண்டார். எதைக் காட்டினாலும் ஈடு வைத்துப் பார்க்கிறவரிடம் உதார் விட்டு என்ன பயன்? அவருக்கு எதிராக நிஜமான சீட்டு இருந்தபோது மட்டும் வைத்தார். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் நுழைவுக் கட்டணம் கட்டி, அண்ணியின் நல்ல சீட்டைக் கண்குளிரப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குக் காலியானார். தோற்ற வருத்தமே இல்லை. எல்லாம் பார்த்தாயிற்று என்ற திருப்தியோடு என் பக்கத்தில் வந்து நின்று, டாக்டர் பார்க்கிற அவசரக் கேஸ் ஆணா பெண்ணா, பல் மேலா கீழா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

மேஜையில் பூட்டும் அண்ணியும் மட்டும். அண்ணி இரண்டு வைப்பார், பூட்டு தன் சீட்டைப் பார்த்துக் கீழே போடுவார். மறுபடி இரண்டு, மறுபடி கீழே. நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கிற மனிதரிடமிருந்து காத்திருக்கிற நேரத்தில் உருவுவதுதான் சுலபம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருமுறை அவர் தானாக நான்கு ஏற்றினார். அண்ணி அந்தக் கணமே சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கினார். பூட்டு திருப்பிக் காட்டியபோது அவரிடம் நிஜமாகவே இரண்டு ராஜா இருந்தது. மற்ற நேரமெல்லாம் உருவல்தான். உருவியது போதாதென்று, ஜெயித்த பிறகு அண்ணி தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டும் ஏழும். அடுத்த தடவை மூன்றும் எட்டும். குப்பையை வைத்துக்கொண்டு தன்னைத் துரத்தியிருக்கிறார் என்று தெரிந்ததும் பூட்டின் காது மடல் சிவந்தது.

ஐந்தரைக்கு அந்த ஆட்டம் வந்தது. அண்ணி வழக்கம்போல் இரண்டு வைத்தார். பூட்டு முதல் முறையாக ஒதுங்காமல் ஈடு வைத்தார். அவர் முன்னால் மிச்சம் இருபத்தொன்று. நடுவில் ராஜா, எட்டு, நான்கு திறந்தது. பூட்டு பன்னிரண்டை எண்ணி நடுவே தள்ளினார். நான் டீ வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பதினோரு வருடமாக யாரையும் ஏமாற்றாத மனிதர் பாதிக்கு மேல் வைக்கிறார் என்றால், புத்தியுள்ளவன் ஓடிவிட வேண்டும். அண்ணி ஈடு வைத்தார். அடுத்து ஜாக். பூட்டு ஆறு வைத்தார். அண்ணி ஈடு. கடைசியாக ஒரு இரண்டு. பூட்டு மிச்சமிருந்த மூன்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார்.

அண்ணி வில்லைகளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்று வைத்து, தன் சீட்டைத் திறந்தார். ஒன்பதும் நான்கும். நடுவில் இருந்த நான்கோடு சேர்த்து இரண்டு நாலு, ஒரே ஒரு சின்ன ஜோடி, அவ்வளவுதான். பூட்டு திறந்தார். ராணியும் ஏழும். எதோடும் சேராத அநாதைகள்.

எட்டிப்பாரின் கழுத்து இன்னும் ஒரு அங்குலம் நீண்டது. பூட்டு உதார் விட்டதை அவர் ஆயுளில் பார்த்ததில்லை.

படி இறங்கும்போது, ஒரு மத்தியானம் வீணாகிவிட்டது, ஆயிரத்து இருநூறு பேரை வரிசையில் நிறுத்தி விசாரிக்க நம்மிடம் மெத்தை போதாது என்றேன். ஒருவர் போதும் என்றார் அண்ணி. அதற்கு மேல் சொல்லாமல் டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எல் போர்டு விஷயத்தைச் சொல்லி, ஊருக்கே தெரிந்த சீட்டை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை, இன்றைக்கே போய் அந்தப் பெண்ணிடம் நீங்களே திறந்து காட்டுங்கள் என்றார். 

டாக்டர் போயிருக்கிறார். ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டுச் சொன்னார். மாட்டு ஆஸ்பத்திரியில் அந்த அம்மா ஒரு கன்றுக்குட்டியின் காலுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவரைக் கன்றின் மறுகாலைப் பிடிக்கச் சொல்லிவிட்டார். காலைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த அம்மா தலையைத் தூக்காமல், தெரியும், நானும் அங்கேதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்றிருக்கிறார். நீங்களாக எப்போது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்றும் சொல்லியிருக்கிறார். உங்கள் அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று இவர் இழுத்திருக்கிறார்.

“எங்க அண்ணனுக்கு மட்டும் யாரு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தாங்கன்னு நெனச்சீங்க?” என்றாராம்.

மறுநாள் காலை அண்ணி என்னைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். நீளமான, குறுகலான கடை. இரண்டு பக்கமும் கண்ணாடிச் சட்டங்கள், ஆளில்லாத கண்களாக எங்களைப் பார்த்தன. கோடியில் கண் பரிசோதிக்கிற நாற்காலி, அதற்கு நேரே சுவரில் பெரிசிலிருந்து சிறிசாக இறங்குகிற எழுத்துப் பலகை. பூட்டு எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அண்ணி மூன்று கடிதங்களையும் மேஜையில் வைத்தார்.

அவற்றைத் தொடாமல் அவர் கேட்டது இதுதான்: “வெறும் ரெண்டு நாலை வச்சுக்கிட்டு எப்படிங்க கடைசிவரைக்கும் வந்தீங்க?”

“உங்களாலதான்” என்றார் அண்ணி. “பொய் சொல்லிப் பழகினவங்க சின்னதா ஆரம்பிச்சு ஏத்திக்கிட்டே போவாங்க, உங்க டிரைவிங் ஸ்கூல் நண்பர் மாதிரி. பழக்கமில்லாதவங்க எடுத்த எடுப்புல பெருசா வச்சுடுவாங்க. அப்புறம் தான் வச்சதைப் பார்த்துத் தானே பயந்துபோய்க் குறைப்பாங்க. பன்னிரண்டு, ஆறு, மூணு.” விரலால் கடிதங்களைத் தொட்டுக்கொண்டே போனார். “கல்யாணத்தை நிறுத்து. ஆறு மாசம் தள்ளிப்போடு. சரி, பண்ணிக்கோ, ஆனா பழக்கத்தை மாத்தாதே.”

மேலும் ஒன்று சொன்னார். அந்தக் கதையைச் சொல்லி மிரட்டவேண்டும் என்றால் அது ரகசியம் என்று நம்பவேண்டும். சரவெடி ஊர் பூராவும் சொன்னவர், அவருக்கு அது மிரட்டலாகவே தோன்றாது. எட்டிப்பாரின் வீட்டிலேயே கதை புழங்குகிறது. தவிர, அவர் கடிதம் போட்டிருந்தால் டாக்டரின் முகத்தைப் பார்க்காமல் ஒரு நாள்கூட இருந்திருக்க மாட்டார், கிளினிக் வாசலிலேயே படுத்திருப்பார். ஐந்து வருடமாக யாரிடமும் வாயைத் திறக்காமல் காப்பாற்றிய ஒருவர்தான், மற்றவர்களும் காப்பாற்றியிருப்பார்கள் என்று நம்ப முடியும்.

பூட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேசினார். கல்யாணத்துக்குப் பிறகு புதன்கிழமைகளில் மனைவியோடு கால்நடை முகாமுக்குப் போகப்போவதாக டாக்டர் போன மாதம் சொல்லியிருக்கிறார். மூன்று பேரை வைத்து ஆட்டம் ஓடாது, எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. மனைவி போய் ஒன்பது வருடம், மகள் வெகுதூரத்தில். அவர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டினார்.

“கடைக்கு நாள் பூரா ஆளு வருதும்மா. எல்லாரும் என் தோளுக்குப் பின்னாடி இருக்கிற அதைத்தான் பார்க்குறாங்க. என்னை யாரும் பார்க்குறதில்லை. புதன்கிழமை மட்டும்தான் மூணு பேரு என் மூஞ்சியைப் பார்க்குறாங்க. அதுவும் சீட்டுக்காகத்தான். இருந்தாலும் பார்க்குறாங்க.”

எனக்கு ஒரு நகைச்சுவை தோன்றியது. அதைச் சொல்லவில்லை. அண்ணி ஆச்சரியமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அவர் இளகிவிடவில்லை. டாக்டர் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்றார். இன்று இரவு பேருந்துக்குச் சீட்டு எடுத்து, துணிமணி எடுத்து வைத்திருந்தார், போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார் என்றார். பூட்டு நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது. நண்பரை நிறுத்திவைப்பதற்காக எழுதிய கடிதம் ஆளையே ஊரைவிட்டு விரட்டப் பார்த்திருக்கிறது. அவர் முகம் அப்போது போன போக்கை வைத்து எந்த ஆட்டத்தையும் யாரும் ஜெயித்திருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் நீங்களே போய்ச் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்லவேண்டி வரும் என்று அண்ணி எழுந்தார். வாசல்வரை வந்த பூட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். துணைக்கு வர முடியுமா என்று கேட்டார்.

ஆறு மணிக்குக் கடைசி நோயாளி போன பிறகு நாங்கள் இருவரும் கிளினிக்குக்குள் நுழைந்தோம். டாக்டர் உற்சாகமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கு விஷயம் என்று நினைத்து ஏதோ சொல்ல வந்தவர், பூட்டையும் பார்த்துவிட்டு, என்ன பல்வலியா என்று கேட்டார்.  பூட்டு நேராகப் போய்ப் பல் நாற்காலியில் படுத்துவிட்டார். டாக்டர் விளக்கைப் போட்டு, சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்கச் சொன்னார்.

பூட்டு திறந்தார். பதினோரு வருடத்தில் பேசாததையெல்லாம் நான்கு நிமிடத்தில், கூரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் பேசினார். மூன்று கடிதம், முகாம், புதன்கிழமை, எல்லாம்.

 நான் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன், இரண்டு பேரில் யார் ஓடினாலும் பிடிப்பதற்கு. டாக்டர் ஓடவில்லை. முகமூடியை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டு, பல் சுத்தம் செய்கிற இயந்திரத்தை எடுத்து, வாயை நன்றாகத் திறக்கச் சொன்னார். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இருபது நிமிடம் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே பேசினார். எதிராளி பதில் சொல்ல முடியாதபோது பேசுகிற வசதி பல் டாக்டர்களுக்கு மட்டும்தான் உண்டு. இரவெல்லாம் ஜன்னலோரம் நின்றதைச் சொன்னார். யாராக இருக்கும் என்று மூன்று பேர் முகத்தையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்து, மூன்று பேரையும் வெறுத்ததைச் சொன்னார். “போகாதேன்னு ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாம்ல” என்றார். முகாம் மாதத்துக்கு இரண்டு புதன்தான், மீதி இரண்டுக்கு வருவதாகத்தான் இருந்தேன், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார். பூட்டின் கண்ணிலிருந்து வழிந்த தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. இயந்திரத்தினாலா வேறு எதனாலா என்று நான் ஆராயவில்லை.

கடைசியில் டாக்டர் இயந்திரத்தை நிறுத்தினார். நாற்காலியை நிமிர்த்தி, ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் கொடுத்தார்.

“துப்புங்க” என்றார்.

துப்பறிகிற நிறுவனத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாரம் முழுக்க, துப்பு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு உடனே வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

பூட்டு கொப்பளித்துத் துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, கல்யாணத்துக்குத் தான் வரலாமா என்று கேட்டார்.

டாக்டர் கையுறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டார். விளக்கை அணைத்தார். 

“அஞ்சு மணிக்கே வந்துடுங்க” என்றார். “காலையில நான் முகம் கழுவப் போறப்ப பக்கத்துல ஒரு ஆளு இருந்தா தேவலை.”